ஒரு சுவருக்கு மூன்று பெயர்

போன வாரம் நந்தினி போன் செய்தாள். ஓசூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்த பெண். நல்ல பெண்தான். ஆனால் 'ஹலோ' சொல்லிவிட்டு நாம் பதில் சொல்வதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

"செல்விக்கா, ஒரு டவுட்டு. நம்ம லைப்ரரிய பெங்களூர் ஆபீஸோட சேர்க்கிறோம். எல்லா டீட்டெயிலுக்கும் ஒரே பேரு, இங்கிலீஷ்லதான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. நம்மளுதுல மட்டும் ஒவ்வொண்ணுக்கும் கீழ மூணு பேரு இருக்கு. அதெல்லாம் தூக்கிடலாமா?"

தூக்கிக்கோம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். ஓய்வு பெற்றவள் அலுவலகத்து விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆனால் வாயில் வேறு கேள்வி வந்துவிட்டது.

"சொவருக்குக் கீழ என்ன இருக்கு, படி பாப்போம்."

"தடுப்புச் சுவர், தடெகோடெ, ராத்தி கோட."

அந்தக் கடைசிப் பெயரை என்னால் இன்றைக்கும் சும்மா கேட்க முடிவதில்லை. அது ஏன் என்று அவளுக்குப் போனில் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைகளுக்குள் தோட்டம், நடைபாதை, பஸ் நிற்கும் இடம், மரத்தடி மேடை இதையெல்லாம் வடிவமைக்கிற அலுவலகம். மொத்த வரைபடத்தில் சுவர் என்பது வெறும் ஒரு கோடு. அந்தக் கோட்டைக் கத்தியால் கேக் வெட்டுவதுபோல வெட்டிப் பார்த்தால் உள்ளே அஸ்திவாரம் எவ்வளவு, கல் எங்கே, ஜல்லி எங்கே, தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று காட்டுவது டீட்டெயில். மேஸ்திரி கட்டுவது இதைப் பார்த்துத்தான். ஒரு வேலைக்கு வரைந்த டீட்டெயிலைச் சேமித்து வைத்தால் அடுத்த வேலைக்கும் அதை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அப்படிச் சேமித்து வைக்கிற கிடங்குதான் நந்தினி சொன்ன லைப்ரரி. பல வருடம் அதைப் பார்த்துக்கொண்டவள் நான்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்தேன். டிரேசிங் பேப்பரில் இங்க் பேனா, தப்பானால் பிளேடால் சுரண்டு. கல்யாணமாகி ஓசூர் வந்தேன். அவருக்கு வார்ப்பட ஃபேக்டரியில் வேலை. நான் ஒரு காண்டிராக்டரிடம் சில வருடம் குப்பை கொட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பிரமிளா மேடம் நடத்திய இந்த அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மேடம் மைசூர்க்காரர். ஓசூரில் தமிழ் கற்றுக்கொண்டார், ஆனால் கோபம் வந்தால் கன்னடம்தான். கோபம் என்றாலும் சத்தம் உயராது. நமக்குப் பின்னால் வந்து நிற்பார். திரையைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த மௌனத்தில் நமக்கே தப்பு தெரிந்துவிடும். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் 'ஃபைனல்'. நான் சேர்ந்த புதிதில் அலுவலகக் கம்ப்யூட்டர் முழுக்க ஃபைனல், ஃபைனல் நியூ, ரியல் ஃபைனல் என்று பெயர் வைத்த படங்கள் கிடந்தன. ஒருநாள் 'ஃபைனல் கரெக்ட் ஒன்' என்று ஒரு கல் பெஞ்ச் படம். மேடம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

"இது யாரோடது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்பா அம்மா இல்லாத குழந்த. எந்த ஊரு பெஞ்சு, எந்த வருஷம், யாரு போட்டது, ஒண்ணும் தெரியாது. இதுல நாளைக்கு யாரோ உக்காரப் போறாங்க."

அன்றிலிருந்து ஒரு முறை வந்தது. டீட்டெயில் முடிந்ததும் அதைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டும். அளவு விகிதம் சரியா என்று பார்க்க வேண்டும். எந்த வகை, சுவரா, தரையா, மேடையா என்று குறிக்க வேண்டும். எந்த மண்ணுக்கு, எவ்வளவு உயரத்துக்கு என்று ஒரு வரி எழுத வேண்டும். இவை படத்துக்குள் இருக்கும்; தேடினால் பெயர் மட்டும்தான் அகப்படும். பிறகு பெயர் வைத்து லைப்ரரிக்குள் போட்டுவிட்டு, பக்கத்து சீட்டுக்காரரிடம், "இந்த மாதிரி ஒண்ணு தேடு" என்று சொல்ல வேண்டும். அவர் கண்டுபிடித்தால்தான் வேலை முடிந்தது. அவர் தேடும்போது நாம் திரையை எட்டிப் பார்க்கக் கூடாது, கண்ணைக் காட்டக் கூடாது, தொண்டையைச் செருமக் கூடாது.

"அவரு கையில கிடைச்சா சேவ் ஆச்சு. கிடைக்கலன்னா நீ எங்கியோ தூக்கிப் போட்டிருக்க, அவ்வளவுதான்," என்பார் மேடம்.

பெயர் வைப்பதில் மட்டும் அவர் தலையிடவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. எல்லையோரத்து எங்கள் ஊர் சங்கதி அப்படி. சைட்டில் இருந்து போன் வரும். தேன்கனிக்கோட்டை மேஸ்திரி கன்னடத்தில் கேட்பார். பாகலூர்க்காரர் தெலுங்கில் கேட்பார். சூளகிரியில் இருந்து வரும் போனில் மூன்றும் கலந்திருக்கும். அவர்கள் எந்தப் பெயரில் கேட்கிறார்களோ அந்தப் பெயரில் இருந்தால் சட்டென்று எடுத்து அனுப்பலாம். அதனால் அவரவர் வாயில் வருகிற பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைப்போம். ஒரே சுவர்ப் படத்தை ஆளுக்கொரு நகலாக எடுத்து, நான் தடுப்புச் சுவர் என்று வைத்தேன். மேடம் தடெகோடெ என்று வைத்தார். வெங்கடேஷ் ராத்தி கோட என்று வைத்தான். கல் சுவர் என்பதற்கு அவன் வீட்டுத் தெலுங்கு.

வெங்கடேஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகலூர் பக்கத்துப் பையன். எங்கள் அலுவலகத்திலேயே கை சுத்தமாக ஓடுகிறவன் அவன்தான். ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்டாது. பக்கத்து சீட்டில் முனிராஜு, அவனும் அதே பக்கம். இரண்டு பேரும் காலையில் ஒரே பைக்கில் வந்து, ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டு, நாள் முழுக்கத் தெலுங்கில் குசுகுசுத்துக்கொண்டிருப்பார்கள். வெங்கடேஷ் போட்டதை முனிராஜு தேடுவான். முனிராஜு போட்டதை வெங்கடேஷ் தேடுவான். ஒருமுறைகூடக் கிடைக்காமல் போனதில்லை. மேடம் எங்களுக்கு அவர்களை உதாரணம் காட்டுவார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில், ஒரு கேன்டீன் தோட்டத்தில் நாங்கள் வடிவமைத்த சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. போய்ப் பார்த்தால், பின்னால் கொட்டியிருந்த செம்மண் நீரைக் குடித்து ஊறிப்போய்ச் சுவரை முன்னால் தள்ளுகிறது. தண்ணீர் வெளியே வரச் சுவரில் குழாய்த் துண்டுகள் வைத்திருந்தோம். அவற்றின் வாயில் மண் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுகூட வரவில்லை. மேடம் டீட்டெயிலை மாற்றினார். சுவருக்குப் பின்னால் ஜல்லி, அதற்குப் பின்னால் வடிகட்டும் துணி, அப்புறம்தான் மண். குழாய்கள் வெளிப்பக்கம் சரிந்து இருக்க வேண்டும். படத்தைத் திருத்தியவள் நான். தடுப்புச் சுவரில் திருத்தினேன், தடெகோடெயில் திருத்தினேன். லைப்ரரியில் சுவர் என்று தேடினேன், கோடெ என்று தேடினேன், இங்கிலீஷிலும் தேடினேன். வேறு எதுவும் வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரியும் தேடிப் பார்த்தாள். அவரவர் சுவரும் சேர்ந்தே திருந்திவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம்.

மறு வருடம், சூளகிரியைத் தாண்டிப் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. ஷிப்டுக்கு வருகிற பெண்களுக்குக் கம்பெனி பஸ்கள் வந்து நிற்க ஒரு பெரிய இடம். மலைச் சரிவை வெட்டி எடுத்ததால் ஒரு பக்கம் நீளச் சுவர், ஆள் உயரத்தையும் தாண்டி. சுவரை ஒட்டியே நிழற்கூரை, உட்கார மேடை. பஸ் வரும்வரை பெண்கள் அங்கேதான் சாய்ந்து நிற்பார்கள். அந்த வேலைக்குச் சுவர்ப் படம் அனுப்பியவன் வெங்கடேஷ்.

நான் அங்கே போனது மரக்குழிகளுக்குச் சுண்ணாம்புப் பொடியில் குறி போட. குறி போட்டுக்கொண்டே சுவரின் மேல் பக்கம் ஏறினேன். சுவர் முடிந்திருந்தது. பின்னால் வெறும் பள்ளம். குழாய்களின் வாய் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தன. அந்தப் பக்கம் செம்மண்ணோடு டிப்பர்கள் வரிசையாக நின்றன. ஜல்லி ஒரு கூடைகூடக் கண்ணில் படவில்லை.

சைட் இன்ஜினியர் குமரேசன் தர்மபுரிக்காரர். கெட்டிக்காரர்.

"தம்பி, பின்னாடி ஜல்லி எப்பப் போடப் போறீக?"

"ஜல்லியா? படத்துல இல்லீங்களே மேடம்."

படத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவர் சொன்னது சரி. படத்தில் ஜல்லி இல்லை, துணி இல்லை. குழாய் நேராகப் படுத்திருந்தது. அது அந்தக் கேன்டீன் சுவரின் பழைய படம். அடியில் சின்ன எழுத்தில் ராத்தி கோட என்று இருந்தது. கீழே மேடத்தின் கையெழுத்து.

 இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் மண் கொட்டி முடித்திருப்பார்கள். அடுத்து மேலே புல் பதித்திருப்பார்கள். உள்ளே ஜல்லி இல்லை என்பது யாருக்கும் தெரிந்திருக்காது, சுவர் சரியும் நாள்வரை.

"மண்ணு கொட்ட வேண்டாம் தம்பி. நிறுத்துங்க."

"மேடம், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா சைன் பண்ண படம் இருக்குது. இன்னிக்கு மண்ணு கொட்டி ஆவணும். தொறப்பு விழா தேதி வெச்சிட்டாங்க. உங்க மேடம் ஒரு வார்த்த சொன்னா நிறுத்திப்புடுறேன்."

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் படம் போடுகிறவள், கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. மேடத்துக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பெங்களூரில் மீட்டிங், அது எனக்கும் தெரியும். மறுபடியும் அடித்தேன். முதல் டிப்பர் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது.

அப்போது என் கையில் இருந்தது மரக்குழி அளக்கிற டேப் மட்டும்தான். அதன் ஒரு முனையை ஒரு கல்லுக்கு அடியில் செருகினேன். இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு லாரி வரும் வழிக்குக் குறுக்கே போய் நின்றேன். டிரைவர் கன்னடக்காரர், வயதானவர். தலையை வெளியே நீட்டினார்.

"ஏனம்மா, எஷ்டு ஹொத்து?" எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"அளவு நடக்குதுண்ணே. அஞ்சே நிமிஷம்."

அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு முடியவே இல்லை. அளந்த இடத்தையே திரும்பத் திரும்ப அளந்தேன். இல்லாத மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு போட்டேன். டிரைவர் இறங்கி வந்து ஒரு பீடி பற்றவைத்தார், அதை முடித்தார், இன்னொன்று பற்றவைத்தார். குமரேசன் தூரத்தில் நின்று தலையைச் சொறிந்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தடுக்கவில்லை, அதுவே அவர் செய்த புண்ணியம்.

கடைசியில் மேடம் போனில் கூப்பிட்டார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நீ நிக்கிற எடத்துல இருந்து சொல்லு. குழாய் வாய் தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"பின்னாடி ஜல்லி?"

"இல்ல."

"மண்ணு விழுந்துச்சா?"

"இன்னும் விழல."

ஒரு நீள மூச்சு கேட்டது. "போன அவருகிட்ட குடு."

குமரேசன் போனைக் காதில் வைத்துக்கொண்டு 'சரிங்க மேடம்' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. பிறகு டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். லாரிகள் திரும்பிப் போயின. நான் அங்கேயே அந்தச் சுண்ணாம்புக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் வேலை முடியவில்லை. அந்தப் பழைய படம் வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது? நான் பஸ் பிடித்து அலுவலகம் வந்தபோது மேடமும் வந்துவிட்டிருந்தார். வெங்கடேஷ் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் வேறு. வேலை போனது என்றே அவன் முடிவு கட்டிவிட்டான். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மேடம் எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னார்.

"அவங்கவங்க வீட்டுல சொவருக்கு என்ன சொல்லுவீங்களோ, அத டைப் பண்ணுங்க."

அடித்தோம். ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு சுவர் எழுந்து வந்தது. சுவர், கோடெ, கோட, பாலக்காட்டுப் பெண் ஒருத்தி வைத்திருந்த மதில். அந்தக் கலவரத்திலும் யாரோ சிரித்துவிட்டார்கள். மதில் அந்தத் திருத்தத்துக்குப் பிறகு போட்டது, ஜல்லியோடு சரியாக இருந்தது. பழையது ராத்தி கோட ஒன்றுதான். பிறகு வேலை வேலையாகத் திறந்து அது எங்கெல்லாம் ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தோம். ஒன்று பர்கூர் பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு பூப்பாத்திச் சுவர். விழுந்தாலும் செம்பருத்திக்குத்தான் அடிபடும். இன்னொன்று இன்னும் காகிதத்திலேயே இருந்தது. அவ்வளவுதான். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயத்தில் இல்லை, பயம் போனதில்.

வெளியே வந்தபோது மேடம் வெங்கடேஷ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ படம் தப்பா போடல. பேரும் தப்பா வெக்கல. முனிராஜு தேடினான், கிடைச்சுது. அங்கதான் விஷயம். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டு பாஷ. அவன் தேடினா எப்பவும் கிடைக்கும். செல்வி தேடினா எப்பவும் கிடைக்காது."

அவன் டிபன் பாக்ஸ் மூடியையே விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கள பக்கத்துல பக்கத்துல உக்காரவெச்சது யாரு? நான். கையெழுத்து போட்டது யாரு? நான். ஊட்டா மாடு." சாப்பிடு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தொழிற்சாலையில் இருந்து போன் வந்தது. யார் செய்த வேலை, பெயரைச் சொல்லுங்கள் என்று அந்த மேலாளர் கத்தியது எனக்கே கேட்டது. மேடம் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அப்புறம் பக்கத்துக் கிரஷரில் இருந்து ஜல்லி வந்தது, துணி வந்தது. குழாய்களை இடித்து எடுத்துச் சரிவாக மறுபடி வைத்தார்கள். விழா கொஞ்சம் தள்ளிப்போனது. திட்டினார்கள், வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் நாற்காலிகள் இடம் மாறியிருந்தன. முனிராஜு என் பக்கத்தில். வெங்கடேஷ் பாலக்காட்டுப் பெண்ணுக்குப் பக்கத்தில். இனிமேல் வேறு பாஷைக்காரர்தான் தேட வேண்டும், அவர் எந்தப் பெயரில் தேடினாரோ அந்தப் பெயரும் படத்துக்குக் கீழே ஏற வேண்டும் என்று புது முறை. மூன்று பெயர்கள் வந்த கதை இதுதான். முனிராஜு முதல் வாரம் முழுக்க என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் டிபன் பாக்ஸில் எனக்கும் பங்கு கிடைத்தது.

இதையெல்லாம் சுருக்கமாக நந்தினியிடம் சொல்லிவிட்டு, "தூக்குறதும் வெக்கிறதும் உங்க இஷ்டம்மா. ஒரே பேரு இருந்தா நல்லதுதான். ஆனா தூக்கறதுக்கு முன்னாடி, உன் பாஷ தெரியாத யாரையாவது விட்டு ஒரு தடவ தேடச் சொல்லு," என்றேன். சரிக்கா என்றாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். "அக்கா, நம்மகிட்ட புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான், பீகார். அவன விட்டுத் தேடச் சொன்னேன். தீவார்னு அடிச்சான். ஒண்ணும் வரல." அடுத்த மூச்சிலேயே சொன்னாள். "பேரையெல்லாம் தூக்கலக்கா. பெங்களூர்ல பேசிட்டேன். இங்கிலீஷ் மேல இருக்கட்டும், இதெல்லாம் கீழ இருக்கட்டும்னு. அவனோடதையும் சேர்த்துட்டேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கிடங்கை விட்டுவிட்டு வந்த பிறகு இப்போதுதான் முழுசாக விட்டேன் என்று தோன்றியது.

வெங்கடேஷுக்கு அந்த வேலை போகவில்லை. கல்யாணமும் நடந்தது. அவன் மனைவி சுஜாதாவுக்கு அப்புறம் சூளகிரித் தொழிற்சாலையிலேயே வேலை கிடைத்தது. ஷிப்டு முடிந்து அவள் பஸ்ஸுக்கு நிற்பது அந்தச் சுவருக்குக் கீழேதான். ஒவ்வொரு வருடமும் முதல் பெரிய மழைக்கு எனக்கு அவனிடமிருந்து போன் வரும். அவள் அங்கே நின்று பார்த்து அவனுக்குச் சொல்வாள், அவன் எனக்குச் சொல்வான். ஹலோகூடக் கிடையாது.

நேற்றுச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. போன் அடித்தது.

"அக்கா, தண்ணி கொட்டுதுக்கா."

"எல்லாக் குழாய்லயுமா?"

"எல்லாத்துலயும். பக்கத்துல நின்னா செருப்பு நனையுதாம், திட்றா."

"திட்டட்டும்," என்று சொல்லிவிட்டு, மாடியில் காயப் போட்ட துணியை எடுக்க ஓடினேன்.